காருக்குள் ஒரு சீசன்

சுலைகா: ...ஹலோ? நான் பேசறது கேக்குதா உங்களுக்கு?

பாரூக்: கேக்குது, கேக்குது. உன்னைவிட அந்தப் பாட்டுச் சத்தம்தான் அதிகமா கேக்குது. ஹாஃப் டைம் முடிஞ்சிருச்சா?

சுலைகா: இப்பதான் பொண்ணுங்க திரும்பி வந்தாங்க. சும்மா பந்தைப் போட்டுப் பழகிட்டிருக்காங்க.

பாரூக்: ஸ்கோர்?

சுலைகா: இருங்க, கண்ணாடி போட்டுக்கறேன்... நம்மது இருபத்தொம்பது. அவங்களது முப்பத்தஞ்சு.

பாரூக்: ஆறு பாயிண்ட்தானே. ஒண்ணுமே இல்ல அது.

சுலைகா: கார்ல ஹீட்டர் போட்டிருக்கீங்களா?

பாரூக்: போட்டிருக்கேனே.

சுலைகா: பொய். சத்தமே வரல.

பாரூக்: இப்பதான் ஆஃப் பண்ணேன்... இரு, போடறேன். போதுமா?

சுலைகா: மகளோட பாஸ்கெட்பால் டீம் ஃபைனல் ஆடுது, பெத்தவர் நோன்பு வெச்சுக்கிட்டு பார்க்கிங் லாட்ல உட்கார்ந்து பாக்கறாரு. எங்கேயாவது உண்டா இந்தக் கூத்து?

பாரூக்: பாக்கலையே, கேக்கத்தானே செய்யறேன்.

சுலைகா: ஃபோன்ல லைவா காட்டறாங்கல்ல? அதையாவது பாத்தா என்ன?

பாரூக்: அதுல ஸ்கோர் தெரியும், நிதா முகம் தெரியாது. அதுக்குத்தான் உனக்கு ஃபோன் போடறது. சொல்லு, எப்படி இருக்கா?

சுலைகா: கோச்சம்மாவா? கையக் கட்டிக்கிட்டு நிக்கறா. நான் குடுத்த கருநீல ஸ்கார்ஃப்தான் கட்டியிருக்கா. விடியறதுக்கு முன்னாடி சஹர்ல ரெண்டு வாய் சாப்பிட்டது. அதுக்கப்புறம் பச்சத் தண்ணி படல. உதடெல்லாம் காஞ்சு கெடக்கு.

பாரூக்: அவ்வளவு தூரத்துல உதடு தெரியுது. ஸ்கோர் பாக்க மட்டும் கண்ணாடி வேணும்.

சுலைகா: பெத்தவளுக்குத் தெரியும். நீங்க கிண்டல் பண்ணாதீங்க... ஆங், ஆரம்பிச்சிட்டாங்க. மூணாவது குவார்ட்டர்.

பாரூக்: பந்து யார்கிட்ட?

சுலைகா: நெட்டைகிட்ட.

பாரூக்: நம்ம நெட்டையா, அவங்க நெட்டையா?

சுலைகா: நம்ம கேப்டன்ங்க, மேகன். ஓடறா... ஓடறா... போட்டுட்டா! முப்பத்தொண்ணு!

பாரூக்: அல்ஹம்துலில்லாஹ். அந்தப் பொண்ணா இப்படி ஆடுது! நவம்பர்ல நிதா பேசினா வேற பக்கம் திரும்பிக்கும். ஞாபகம் இருக்கா?

சுலைகா: மறக்குமா? பழைய கோச் ரிட்டயர் ஆன கோபத்தை எல்லாம் எம் பொண்ணு மேல காட்டினாங்க. இருபது வருஷம் இருந்த மனுஷன், இல்லைங்கல. அதுக்கு இவ என்ன பண்ணுவா? ரெண்டு நல்ல ப்ளேயருங்க வேற காலேஜுக்கு மாறிட்டாங்க. மிச்சம் இருந்ததுங்க மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு ஆடிச்சுங்க.

பாரூக்: வரிசையா தோத்துட்டு வந்து நம்ம வீட்டு சோஃபாவுல படுத்துட்டு, "உம்மா, எனக்கு கோச்சிங் வரலையோ?"ன்னு கேட்டா.

சுலைகா: நீங்க உடனே, "இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல, மாஸ்டர்ஸ் அப்ளை பண்ணு"ன்னீங்க.

பாரூக்: நல்லதுக்குத்தான் சொன்னேன்.

சுலைகா: அவ ஒரு பார்வை பாத்தா பாருங்க...

பாரூக்: சரி சரி, கேமைச் சொல்லு.

சுலைகா: அவங்க ஒண்ணு போட்டாங்க. நாம ஒண்ணு போட்டோம். இப்ப அந்தச் சின்னப் பொண்ணு, பன்னெண்டாம் நம்பர்...

பாரூக்: டெஸ்ஸா.

சுலைகா: ஆமா, டெஸ்ஸா. இடது கையாலயே போட்டுட்டா! என்ன அழகா போடறா!

பாரூக்: அந்த இடது கை யாரு சொல்லிக்குடுத்தது தெரியுமா? மேகன்.

சுலைகா: எனக்குத் தெரியாதா? நிதா எங்கிட்டதான் முதல்ல சொன்னா. டிசம்பர்ல இந்த மேகன் நேரா ஆஃபீசுக்கு வந்து, "நானும் வேற காலேஜ் போறேன் கோச்"னு சொல்லியிருக்கா.

பாரூக்: நான்னா கெஞ்சியிருப்பேன்.

சுலைகா: இவ, "சரி, போ. போறதுக்கு முன்னாடி டெஸ்ஸாவுக்கு மட்டும் இடது கையால போடக் கத்துக்குடுத்துட்டுப் போ. உன்னளவுக்கு எனக்கே அது வராது"ன்னு சொல்லியிருக்கா. தினம் காலையில ரெண்டு பேரும் ஜிம்முக்கு வந்து பழகினாங்களாம். அப்புறம் இந்தம்மா போறதைப் பத்திப் பேசவே இல்ல.

பாரூக்: என் மகடி அவ.

சுலைகா: ஜெயிச்சா உங்க மக.

பாரூக்: ...அவன் வந்திருக்கானா?

சுலைகா: யாரு?

பாரூக்: தெரியாத மாதிரி கேக்கற.

சுலைகா: வந்திருக்கான். எப்பவும் போல எனக்கு நேர் பின்னாடி. இன்னிக்கு டீம் ஷர்ட்டு, டீம் தொப்பி எல்லாம் பலமா இருக்கு.

பாரூக்: அவன் முன்னாடியே உட்கார்ந்துக்கிட்டு அவனைப் பத்திப் பேசறியே!

சுலைகா: தமிழ் புரிஞ்சுரப் போகுதா அவனுக்கு? கொஞ்ச நேரம் முன்னாடி என்கிட்ட பாப்கார்ன் நீட்டினான். நோன்புன்னு சொன்னேன். இல்லாட்டியும் வாங்கியிருக்க மாட்டேன்.

பாரூக்: சீட்டு மாறி உட்காருன்னு எத்தனை தடவை சொல்றது?

சுலைகா: நான் எதுக்கு மாறணும்? நான் இங்க இருந்தா அவன் வாயத் தொறக்க மாட்டான். அன்னிக்கு நீங்க கத்தினதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசலையே.

பாரூக்: கத்தி என்ன ஆச்சு? செக்யூரிட்டி வந்து என்னைத்தானே வெளிய கூட்டிட்டுப் போனான்.

சுலைகா: அவன் பேசினது மெதுவா, நீங்க கத்தினது சத்தமா. அதான்.

பாரூக்: "அந்தப் பெரிய கோச்சை அனுப்பிட்டு, கஸ்டமர் சர்வீஸ்ல ஃபோன் எடுக்கறவளைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்காங்க"ன்னானே... அதோட விட்டானா? "ஹலோ சார், ஹவ் மே ஐ ஹெல்ப் யூ"ன்னு பேசிக் காட்டினான்ல.

சுலைகா: விடுங்க. நோன்பு வெச்சுக்கிட்டு அதையெல்லாம் எதுக்கு நெனச்சுக்கிட்டு...

பாரூக்: நிதா அப்படியா பேசறா? அவ இந்த அமெரிக்காவுலயே பொறந்து வளந்தவ. அவங்களை மாதிரியேதான் பேசறா. அவன் பேசிக் காட்டினது யாரு குரல்?

சுலைகா: என்னங்க...

பாரூக்: என் குரல் சுலைகா. பார்சிப்பனி கால் சென்டர்ல எத்தனை வருஷம் ஹெட்செட் மாட்டிக்கிட்டு அப்படித்தானே பேசினேன்? அதே ராகம். அதே "சார்". நான் பேசின பேச்சு போய் எம் பொண்ணு தலையில விழுந்துச்சேன்னு... அதுலதான் எந்திரிச்சிட்டேன்.

சுலைகா: அந்தப் பேச்சு பேசித்தான் வீடு வாங்கினீங்க, அவளைப் படிக்க வெச்சீங்க. அதுல என்ன கேவலம்?

பாரூக்: கேவலம்னு நான் சொல்லல. அவளுக்கு எப்படி இருக்கும்?

சுலைகா: அப்ப அவகிட்ட உண்மையைச் சொல்லிடலாம்ல? நீங்க ரெஃபரியைத் திட்டினதா நெனச்சுக்கிட்டுதானே அவ உங்களை உள்ள வர வேண்டாம்னுட்டா. ரெண்டு மாசம் ஆச்சு. அவளும் சரியா பேசறதில்ல, நீங்களும் பேசறதில்ல. நடுவுல நான் முழிக்கறேன்.

பாரூக்: வேண்டாம். அது அவ காதுல விழவே கூடாது. விழுந்தா ஒவ்வொரு கேமுக்கும் ஜிம்முக்குள்ள போகும்போது அதுதான் அவளுக்கு ஞாபகம் வரும். எங்க வாப்பா கோவக்காரர், ரெஃப்போட சண்டை போடறவர்னு நெனச்சுட்டுப் போகட்டும். அதனால நான் குறைஞ்சிட மாட்டேன்.

சுலைகா: அவளுக்கு உங்களால அசிங்கம்னு நீங்க உள்ளுக்குள்ள வேகறது எனக்குத் தெரியாதா?

பாரூக்: ...ஸ்கோர் என்ன?

சுலைகா: பேச்சை மாத்துங்க.

பாரூக்: சுலைகா, ஸ்கோர்.

சுலைகா: நாப்பத்தாறு, நாப்பத்தேழு. ஒண்ணுதான் பாக்கி.

பாரூக்: இதை இப்பவா சொல்ற! எந்தக் குவார்ட்டர்?

சுலைகா: கடைசி. நீங்க புலம்பிட்டிருந்தப்பவே மூணாவது முடிஞ்சிருச்சு.

பாரூக்: யா அல்லாஹ்...

சுலைகா: மேகனுக்கு ஒரு ஃபவுல் குடுத்துட்டாங்க. நாலாயிடுச்சு. அஞ்சானா வெளிய போகணுமாமே? நிதா அவளைக் கூப்பிட்டு உட்கார வெச்சுட்டா.

பாரூக்: சரியா பண்ணினா. இப்பவே அவளை இழந்துட்டா கடைசியில ஆள் இல்ல. மூணு நிமிஷம் பாக்கி இருக்கற வரைக்கும் உட்கார வெப்பா பாரு.

சுலைகா: ஓ, மாஸ்டர்ஸ் பண்ணச் சொன்னவரு இப்ப கோச்சிங் சொல்றாரு.

பாரூக்: கத்துக்கிட்டேன். கார்ல உட்கார்ந்துக்கிட்டு வேற என்ன வேலை?

சுலைகா: டெஸ்ஸா விழுந்துட்டா... இல்ல, எந்திரிச்சிட்டா. நிதா முட்டி போட்டு உட்கார்ந்து அவ முகத்துக்கு நேரா என்னமோ சொல்றா. அந்தப் பொண்ணு சிரிக்குது.

பாரூக்: என்ன சொல்லியிருப்பா?

சுலைகா: அது எனக்கெப்படித் தெரியும்? இருங்க... மேகன் திரும்ப உள்ள வர்றா. ஜனங்க எல்லாம் எந்திரிச்சிட்டாங்க. எனக்கு ஒண்ணும் தெரியல. நானும் எந்திரிக்கறேன்.

பாரூக்: சொல்லு, சொல்லு.

சுலைகா: அவங்க ரெண்டு போட்டாங்க. அய்யோ. இப்ப மூணு வித்தியாசம். எவ்வளவு நேரம் இருக்கு... ஒரு நிமிஷம்கூட இல்லைங்க.

பாரூக்: பந்து?

சுலைகா: மேகன்கிட்ட. போட்டா! ஒண்ணு! ஒண்ணுதான் பாக்கி!

பாரூக்: சுலைகா, நிதா என்ன பண்றா?

சுலைகா: ஒண்ணும் பண்ணல. அசையாம நிக்கறா. இந்தப் பக்கம் அவங்க போட்டாங்க... விழல! பந்து நம்மகிட்ட வந்துருச்சு! மேகன் ஓடறா... ரெண்டு பேர் மறிக்கறாங்க... டெஸ்ஸாகிட்ட குடுத்துட்டா. டெஸ்ஸா தனியா நிக்கறா... போட்டுட்டா...

பாரூக்: என்ன? என்ன ஆச்சு? சுலைகா?

சுலைகா: வளையத்துல சுத்திச்சுங்க. ஒரு சுத்து சுத்தி... வெளிய விழுந்துருச்சு. முடிஞ்சிருச்சு.

பாரூக்: ஒரு பாயிண்ட்டா?

சுலைகா: ஒரு பாயிண்ட்.

பாரூக்: ...நிதா?

சுலைகா: நேரா டெஸ்ஸாகிட்டதான் போறா. அந்தப் பொண்ணு தரையில உட்கார்ந்துடுச்சு. இவளும் பக்கத்துல தரையில உட்கார்ந்துட்டா. மேகன் வந்து ரெண்டு பேரையும் கட்டிப் பிடிச்சிருக்கா.

பாரூக்: அழறாளா?

சுலைகா: இவ அழல. மத்ததுங்க எல்லாம் அழுதுங்க... என்னங்க, இந்தச் சத்தம் கேக்குதா உங்களுக்கு?

பாரூக்: என்ன சத்தம் அது? தோத்துட்டோம்னியே?

சுலைகா: தோத்துட்டோம். ஆனா ஜிம்மே எந்திரிச்சு நின்னு கை தட்டுது. நிக்காம தட்டறாங்க.

பாரூக்: அவன்?

சுலைகா: அவனும்தான். தொப்பியக் கழட்டிட்டு தட்டறான். "அடுத்த வருஷமும் இவங்கதானே கோச்?"னு என்னைக் கேக்கறான்.

பாரூக்: நீ என்ன சொன்ன?

சுலைகா: "எனக்கு எப்படித் தெரியும், போய் கஸ்டமர் சர்வீஸ்ல கேளுங்க"ன்னேன்.

பாரூக்: சுலைகா! இங்கிலீஷ்லயா?

சுலைகா: பின்ன? மூஞ்சி சிவந்துபோச்சு. போதும் அவனுக்கு. சரி, நான் வெக்கறேன். கஞ்சி ஃப்ளாஸ்க்கை சீட்டுக்கு அடியில வெச்சிருக்கேன், எடுத்து மேல வைங்க. நோன்பு திறக்க அவ நம்ம காருக்கு வர்றேன்னு காலையிலயே சொல்லியிருக்கா.

பாரூக்: இங்கயா? எங்கிட்ட சொல்லவே இல்லையே.

சுலைகா: சொன்னா நீங்க என்ன பேசறதுன்னு மூணு மணி நேரம் ஒத்திகை பாத்துக்கிட்டு இருப்பீங்க.

.

சுலைகா: கதவைத் தொறங்க, குளிருது... அவ வந்துக்கிட்டே இருக்கா. பொண்ணுங்களை அனுப்பிட்டு வர்றா. நீங்க ஒண்ணும் அறிவுரை சொல்லாதீங்க.

பாரூக்: நான் வாயே தொறக்கல.

சுலைகா: அதுக்காக உம்முன்னும் இருக்காதீங்க.

பாரூக்: அப்ப நான் என்னதான் பண்ணட்டும்?

சுலைகா: ஷ்ஷ்... வா கண்ணு, பின்னாடி ஏறிக்கோ. பையை அந்தப் பக்கம் வை.

நிதா: அஸ்ஸலாமு அலைக்கும் வாப்பா.

பாரூக்: வ அலைக்கும் சலாம். வாம்மா... நல்லா ஆடினீங்க. உம்மா சொன்னா.

நிதா: தோத்துட்டோம் வாப்பா.

பாரூக்: தெரியும்மா.

நிதா: ஒரே ஒரு பாயிண்ட். டெஸ்ஸாவோட ஷாட் கரெக்ட்டான ஷாட்தான். திரும்பவும் அந்தக் கேம் வந்தா அவகிட்டதான் பந்தைக் குடுக்கச் சொல்வேன். அதை அவகிட்டயும் சொன்னேன்... கார் கண்ணாடி எல்லாம் மூடியிருக்கா?

சுலைகா: ஏன், குளிருதா?

நிதா: பொண்ணுங்க முன்னாடி அழக் கூடாதுன்னு பிடிச்சு வெச்சிருந்தேன். இங்க அழலாம்ல?

பாரூக்: அழு கண்ணு. மூடித்தான் இருக்கு.

சுலைகா: இந்தா, என் துப்பட்டாவுல தொடச்சுக்கோ... அழுதுட்டுப் போகட்டும் விடுங்க, நீங்க டிஷ்யூ தேடாதீங்க... அவ்வளவுதான், அவ்வளவுதான்...

நிதா: ...மேகன் என்ன சொன்னா தெரியுமா உம்மா? அவளோட கடைசி கேம் இது. அடுத்த வருஷம் அவ இல்ல. "உங்ககூட எனக்கு இன்னொரு வருஷம் கெடைச்சிருக்கலாம் கோச்"னா.

சுலைகா: மாஷா அல்லாஹ்.

நிதா: டைரக்டரும் வந்து கை குடுத்தாரு. என்னை மூணு வருஷத்துக்குக் கேக்கறாங்க.

பாரூக்: மூணு வருஷமா! நீ என்ன சொன்ன?

நிதா: மாஸ்டர்ஸ் அப்ளை பண்ணப் போறேன்னு சொன்னேன்.

பாரூக்: ...என்னது?

நிதா: சும்மா வாப்பா! உங்க முகத்தைப் பாக்கணும்னுதான். சரின்னு சொல்லிட்டேன்.

சுலைகா: இவரு ஒரு நிமிஷம் மூச்சு விடல பாத்தியா? மாஸ்டர்ஸ்னு இனிமே வாயெடுக்க மாட்டாரு.

பாரூக்: நோன்பு திறக்கப் பாங்கு சொல்லுது ஃபோன்ல. முதல்ல பேரீச்சம்பழம் எடுத்துக்கோங்க. பிஸ்மில்லாஹ்...

சுலைகா: இந்தா, கஞ்சி. மெதுவா குடி, கொதிக்குது. வடை அந்த டப்பாவுல இருக்கு.

நிதா: ம்ம்... உம்மா, இந்தக் கஞ்சிக்காகவே ஃபைனல் வரலாம். தொண்டை எல்லாம் போச்சு எனக்கு.

பாரூக்: இந்த வடையும் சாப்பிடு. என்னோடதும் எடுத்துக்கோ.

நிதா: வாப்பா.

பாரூக்: சொல்லும்மா.

நிதா: அடுத்த சீசன் நீங்க உள்ள வந்து உட்காருங்க.

பாரூக்: எனக்கென்னம்மா, இங்கயே சௌகரியமாத்தான் இருக்கு. ஹீட்டர் இருக்கு, சாஞ்சுக்கலாம்... உள்ள வந்தா மறுபடி கோவம் வந்துரும். ரெஃப் ஏதாவது தப்பா விசில் ஊதுவான், நான் எந்திரிச்சிருவேன். உனக்கு எதுக்கு அந்த அசிங்கம்?

நிதா: எந்த ரெஃப் வாப்பா?

பாரூக்: அதான்... அன்னிக்கு நான் திட்டினேன்ல... அந்த ரெஃப்.

சுலைகா: மொட்டையா ஒருத்தன் இருந்தானே, அவன்தான்.

நிதா: அவர் அவங்க மேலதான் ஃபவுல் குடுத்திருந்தாரு. டெஸ்ஸா ஃப்ரீ த்ரோ போட நின்னுக்கிட்டிருந்தா. நமக்குச் சாதகமா ஃபவுல் குடுத்த ரெஃப்பை நீங்க எதுக்குத் திட்டப் போறீங்க?

சுலைகா: கஞ்சி இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா கண்ணு?

நிதா: உம்மா, நம்ம பொண்ணுங்க ஃப்ரீ த்ரோ போடும்போது நம்ம ஜனங்க யாரும் சத்தம் போட மாட்டாங்க. ஜிம்மே அமைதியா இருக்கும். நாலாவது வரிசையில பேசினாகூட என் இடம் வரைக்கும் கேக்கும்.

பாரூக்: உனக்கு... கேட்டுச்சா?

நிதா: முழுசா கேட்டுச்சு வாப்பா. அந்த "ஹலோ சார்" வரைக்கும்.

பாரூக்: தெரிஞ்சுமா என்னை உள்ள வராதேன்னு சொன்ன? நான் உனக்கு அசிங்கமாயிட்டேன்னுல்ல இத்தனை நாளா...

நிதா: அய்யோ வாப்பா, அதில்ல. நான் கோர்ட்டைப் பாத்து நிக்கறவ, எனக்குப் பின்னாடி யாரு என்ன பேசினாலும் தாங்கிக்குவேன். ஆனா அவன் உங்களை மாதிரியே பேசிக் காட்டினப்ப நான் திரும்பிப் பாத்துட்டேன்... உங்க முகம் போன போக்கை இன்னொரு தடவை பாக்க என்னால முடியாது வாப்பா, அதான் உங்களை வெளிய இருக்கச் சொன்னேன். நீங்க ரெஃப்னு சொன்னீங்க, நானும் ரெஃப்னே நம்பற மாதிரி இருந்துட்டேன்.